எஞ்சிய வேகம்: பந்தயக் குதிரையின் முயற்சியையும் தன்னம்பிக்கையையும் கணித்தல்

ஒரு குதிரைப் பந்தயம் முடிந்ததும் வெளியாகும் முடிவுப் பட்டியல், எந்தக் குதிரை எத்தனையாவதாக வந்தது, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி இருந்தது, வென்ற குதிரை எடுத்த நேரம் எவ்வளவு என்பவற்றைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த இடத்தைப் பெறுவதற்கு அந்தக் குதிரை தன் உடலில் எவ்வளவைச் செலவிட்டது, இன்னும் எவ்வளவை மிச்சம் வைத்திருந்தது, விரும்பி ஓடியதா அல்லது விரட்டப்பட்டு ஓடியதா என்பவற்றுக்கு அந்தப் பட்டியலில் விடை கிடையாது. ஆனால் அடுத்த பந்தயத்தில் அதே குதிரை எப்படி ஓடும் என்று மதிப்பிட முயல்பவருக்கு இவையே முதன்மையான கேள்விகள். நான்காவதாக வந்த குதிரை வென்ற குதிரையைவிட வளமான எதிர்காலம் உடையதாக இருப்பது பந்தய உலகில் அடிக்கடி நிகழ்வதுதான்.

கண்டி மாநகரத்தாருக்கு இந்த விளையாட்டு இரண்டு வழிகளில் பழக்கமானது. முதலாவது, பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக மலையேறும் ஏ5 நெடுஞ்சாலையின் வழியே, கண்டியிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தொலைவில் உள்ள நுவரெலியாப் பந்தயத் திடல். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வசந்த காலத்தில், ஆளுநர் கிண்ணம் போன்ற புகழ்பெற்ற பந்தயங்களைக் காண மலைநாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே கூடுகிறார்கள். இரண்டாவது, பேச்சு வழக்கில் புக்கி எனப்படும் பணயம் கட்டும் நிலையங்கள். அங்கே தொலைவிலுள்ள பிரித்தானியத் திடல்களில் ஓடும் குதிரைகளைத் திரையில் பார்த்தும், கார்டு எனப்படும் அச்சிட்ட பந்தய விவரத்தாளைப் படித்தும் மக்கள் கணிப்புகளைச் செய்கிறார்கள். நுவரெலியாவில் குதிரையின் வியர்வையையும் மூச்சையும் வேலியோரத்தில் நின்று பார்க்கலாம்; புக்கியிலோ யாரோ ஒருவர் பார்த்து இரண்டு மூன்று சொற்களில் எழுதிவைத்த குறிப்பையே நம்ப வேண்டியிருக்கிறது. பார்வை வேறுபட்டாலும் தேடப்படும் பொருள் ஒன்றே.

இலங்கையில் இந்த விளையாட்டின் தொடக்கம் மலைநாட்டோடு பிணைந்தது. 1840களில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேய நாடாய்வாளர் சாமுவேல் பேக்கரின் சகோதரர் ஜோன் பேக்கர், இறக்குமதி செய்யப்பட்ட குதிரைகளுக்கு அங்கே பயிற்சித் தடம் அமைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1875இல் முறையான பந்தயங்கள் அங்கே நடைபெறத் தொடங்கின. கொழும்பில் ரீட் மாவத்தையை ஒட்டி அமைந்த பெரிய பந்தயத் திடல், இரண்டாம் உலகப் போரின்போது விமான ஓடுதளமாகவும் பயன்பட்டது. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கக் காலத்தில் பந்தயங்கள் நிறுத்தப்பட்டபோது அதன் பந்தய வாழ்வும் முடிந்தது. பின்னர் மீண்டும் உயிர்பெற்ற நுவரெலியாத் திடலே இன்று நாட்டின் குதிரைப் பந்தயத்தைத் தாங்கி நிற்கிறது. அங்கே ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்படுபவை. ஓட்டுபவர்களிலும் இந்திய ஜொக்கிகள் பலர் உண்டு. ஜொக்கி என்பது பந்தயக் குதிரையை ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட குதிரையோட்டியைக் குறிக்கும்.

முயற்சியைக் கணிப்பதற்கு, முயற்சி என்பது குதிரையின் உடலில் எங்கே நிகழ்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஓய்விலிருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கிறது. முழு வேகத்தில் அது 220ஐத் தாண்டுகிறது. அதன் மண்ணீரல் செங்குருதிக் கலங்களின் பெரும் சேமிப்பறையாக விளங்குகிறது. ஓட்டம் தொடங்கும்போது, அதற்கு முந்தைய பரபரப்பிலேயே கூட, மண்ணீரல் சுருங்கி அக்கலங்களை இரத்த ஓட்டத்தில் கலந்துவிடுவதால், இரத்தத்தில் செங்குருதிக் கலங்கள் வகிக்கும் பங்கு ஏறத்தாழ 40 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கும் மேலாக உயர்கிறது. மனிதருக்கு இந்த அளவில் இல்லாத இந்த வசதியே குதிரையை இயற்கையின் மிகச் சிறந்த ஓட்டவிலங்குகளில் ஒன்றாக ஆக்குகிறது. ஆனால் அதற்கு ஈடாக ஒரு கட்டுப்பாடும் உண்டு: குதிரை வாயால் மூச்சு விட இயலாத விலங்கு, மூக்கால் மட்டுமே சுவாசிக்கிறது, நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது அதன் மூச்சு காலடியோடு பூட்டப்பட்டுவிடுகிறது. ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்பதே கணக்கு. உடல் முன்னோக்கி நீளும்போது காற்று உள்ளே போகிறது, முன்னங்கால் நிலத்தில் ஊன்றி எடையைத் தாங்கும்போது வெளியேறுகிறது. மனித ஓட்டக்காரர் களைத்தால் ஓட்டத்தை மாற்றாமல் மூச்சை மட்டும் விரைவாக்கலாம். பாயும் குதிரையால் அது முடியாது. எனவே களைப்பு முதலில் வெளிப்படும் இடம் பாய்ச்சலின் அமைப்பே ஆகும்.

திறமையான பார்வையாளர்கள் குதிரையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன் பாய்ச்சலைப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். மிச்சம் உள்ள குதிரையின் பாய்ச்சல் கடைசி 200 மீற்றரிலும் நீளமாகவும் சீராகவும் நேர்கோட்டிலும் இருக்கும். தலையும் கழுத்தும் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரே அளவில் முன்னும் பின்னும் அசையும். தீர்ந்துபோன குதிரையின் தலை உயர்ந்துகொண்டே போகும், பாய்ச்சல் குறுகும், உடல் ஒரு பக்கமாக இழுபடும். பாய்ச்சலில் எப்போதும் ஒரு முன்னங்கால் மற்றதைவிடத் தாமதமாகவும் முன்தள்ளியும் ஊன்றுகிறது. அதை முதற்கால் என்று சொல்லலாம். வளைவில் உட்பக்கக் காலை முதற்காலாகக் கொண்டு ஓடிய குதிரை நேர்ப்பாதையில் நுழைந்ததும் மற்றக் காலுக்கு மாறிக்கொண்டால் களைத்த தசைகளுக்கு ஓய்வு கிடைக்கிறது. இந்த மாற்றத்தைத் தானாகவும் தயக்கமின்றியும் செய்யும் குதிரைக்கு உடலில் இன்னும் இடமிருக்கிறது என்று கொள்ளலாம். கடைசிவரை மாறாமல் ஓடிய குதிரை களைத்திருக்கலாம், அல்லது மாற வேண்டிய அந்தக் காலில் ஏதோ உறுத்தல் இருக்கலாம்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது குதிரையோட்டியின் கைகள். குதிரையின் வாயில் பொருத்தப்படும் கடிவாள இரும்பை அது தானே பற்றி முன்னோக்கி இழுத்துச் செல்லும் நிலையைப் பந்தயக்காரர்கள் கடிவாளத்தில் ஓடுதல் என்பார்கள்; அந்த நிலையில் ஜொக்கி அசையாமல் அமர்ந்திருப்பார், அவர் கைகளில் வார் இறுகியிருக்கும். பிறகு அவர் கைகளை மட்டும் முன்னே தள்ளி ஊக்குவிப்பார். அதற்குப் பிறகு முழங்காலும் குதிகாலும் வேலை செய்யும். கடைசியாகவே சாட்டை எழும். ஒரு குதிரை இந்தப் படிகளில் எதுவரை ஏறிய பிறகு வென்றது என்பதைக் கவனித்தவருக்கு, இரண்டு நீள வெற்றி ஒன்றுக்கும் இன்னொரு இரண்டு நீள வெற்றிக்கும் இடையே எவ்வளவு பெரிய வேறுபாடு இருக்க முடியும் என்பது உடனே விளங்கும். நீளம் என்பது ஒரு குதிரையின் மூக்கிலிருந்து வால் அடி வரையான தூரம், ஏறத்தாழ 2.4 மீற்றர், நல்ல தரையில் ஒரு விநாடியில் ஏறத்தாழ ஆறு நீளத் தூரம் கடக்கப்படுகிறது.

இந்த நீளக் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. வெவ்வேறு திறனுள்ள குதிரைகளுக்குச் சமவாய்ப்புத் தருவதற்காக வலுவான குதிரையின் மீது கூடுதல் எடை ஏற்றும் முறை ஹண்டிகப் எனப்படுகிறது. ஒரு மைல் பந்தயத்தில் ஒரு நீளம் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமம் என்பது அதன் பழைய வழக்கக் கணக்கு. எடையை நிர்ணயிக்கும் அதிகாரி கண்ணுக்குத் தெரிந்த இடைவெளியைக் கொண்டே பெரும்பாலும் கணக்கிடுகிறார். ஆகவே அரை நீளத்தில் வென்றும் ஜொக்கியின் கைகள் அசையாதிருந்த ஒரு குதிரை, அடுத்த முறை தன் உண்மையான திறனுக்குக் குறைந்த எடையோடு களமிறங்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு குதிரையும் தன்னால் இயன்ற மிகச் சிறந்த இடத்தைப் பெறும் வகையில் ஓட்டப்பட வேண்டும் என்று எல்லா நாட்டுப் பந்தய விதிகளும் வற்புறுத்துகின்றன, மீறுபவர்கள் தண்டிக்கப்படுகிறார்கள். ஆனால் வெற்றி உறுதியான பிறகு குதிரையை மேலும் வருத்தாமல் விடுவது விதிமீறல் ஆகாது, நல்ல ஓட்டுநர்கள் அதையே செய்கிறார்கள்.

சாட்டையைப் பற்றிப் பார்வையாளர் மனத்தில் ஊறிய ஒரு கருத்தைக் களைய வேண்டியிருக்கிறது. அடிக்கப்பட்ட குதிரை முன்னேறினால் அடியால் முன்னேறியது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவுஸ்திரேலியாவில் டேவிட் எவன்ஸ், போல் மக்கிரீவி ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், குதிரைகள் மிக விரைவாக ஓடியது சாட்டை பயன்படாத இடைப்பகுதியிலேயே என்றும், சாட்டை அதிகம் பயன்பட்ட இறுதிப் பகுதியில் அவை களைப்பினால் வேகம் குறைந்துகொண்டே போயின என்றும் தெரியவந்தது. கடைசி நேரத்தில் ஒரு குதிரை பாய்ந்து முந்துவது போலக் கண்ணுக்குத் தோன்றும் காட்சி, பெரும்பாலும் மற்றவற்றைவிடக் குறைவாக அது தளர்வதன் விளைவே. பிரித்தானியாவில் 2023 முதல் தட்டைப் பந்தயங்களில் ஆறு முறைக்கு மேலும் தடைதாண்டும் பந்தயங்களில் ஏழு முறைக்கு மேலும் சாட்டையைப் பயன்படுத்த இயலாது. ஒரு பந்தயத்தில் வரம்பைவிட நான்கு அடியோ அதற்கு மேலோ கூடினால் குதிரையே தகுதியிழக்கிறது. இது குதிரைக்குக் கிடைத்த நியாயம் என்பதோடு, கணிப்பவருக்கும் நன்மையே: அடியின் ஆரவாரம் குறைந்திருக்கும் பந்தயத்தில் குதிரையின் சொந்த விருப்பம் தெளிவாகத் தெரிகிறது.

முயற்சியின் அளவு மட்டுமல்லாமல், அது ஓட்டத்தின் எந்தப் பகுதியில் செலவிடப்பட்டது என்பதும் முக்கியம். இதற்கு இங்கிலாந்தின் பிராங்கெல் என்ற குதிரையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 2010 முதல் 2012 வரை 14 பந்தயங்களில் ஓடி 14இலும் வென்ற அக்குதிரை, 2011 ஏப்ரல் இறுதியில் நியூமார்க்கெட் திடலில் 2,000 கினீஸ் பந்தயத்தை ஆறு நீளத்தில் வென்றது. அதே ஆண்டு ஜூனில் அஸ்கொட் திடலில் நடந்த சென் ஜேம்ஸ் பேலஸ் பந்தயத்திலோ, தொலைவில் முன்னே ஓடிக்கொண்டிருந்த குதிரையைப் பிடிப்பதற்காக ஜொக்கி டொம் குவீலி அதை மிக முன்னதாகவே விரைவுபடுத்தினார். பிராங்கெல் பெரிய இடைவெளியோடு முன்னேறியது, ஆனால் கடைசிப் பகுதியில் தளர்ந்து, சொபனி என்ற குதிரையைவிட முக்கால் நீளம் மட்டுமே முன்னதாக முடிவுக்கோட்டைத் தொட்டது. பட்டியலை மட்டும் படித்தவர்களுக்குக் குதிரை தேய்ந்துவருவதாகத் தோன்றியிருக்கும். ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கோ, நடுப்பகுதியில் அளவுக்கு மீறிச் செலவிட்டும் வென்ற ஓர் அரிய ஆற்றலே தெரிந்தது. அதற்கடுத்த மாதமே, ஜூலையில், குட்வூட் திடலில், அக்காலத்தின் மற்றொரு தலைசிறந்த குதிரையான கன்ஃபோர்ட் கிளிஃப்ஸை அது ஐந்து நீளத்தில் வென்றது.

தன்னம்பிக்கை என்ற சொல்லைக் குதிரைக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கும் பிராங்கெலின் வாழ்க்கை ஒரு விடை தருகிறது. இளமையில் அது கடிவாளத்தை இழுத்துக்கொண்டு அடங்காமல் ஓடும் குதிரை. வேகத்தைத் தொடக்கத்திலேயே வீணாக்கும் இயல்பு அதனிடம் இருந்தது. பயிற்றுநர் ஹென்றி செசில் அவசரமின்றி அதை மற்றக் குதிரைகளுக்குப் பின்னால் அமைதியாக ஓடப் பழக்கினார். 2012 ஓகஸ்டில் யோர்க் திடலில், முதன்முறையாக 2,000 மீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில் ஓடி ஏழு நீளத்தில் வென்றபோது, அதே உடலில் குடியிருந்த வேறொரு மனநிலையை உலகம் கண்டது. ஆற்றல் மாறவில்லை, அந்த ஆற்றலைத் தேவைப்படும்வரை அடக்கிவைக்கும் அமைதி புதிதாக வந்திருந்தது. குதிரையின் தன்னம்பிக்கை என்று பயிற்றுநர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் இந்த அமைதியையே.

அது வெளியே தெரியும் விதங்கள் சில உண்டு. பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தில், தன்னம்பிக்கையுள்ள குதிரை தளர்ந்த நடையோடும் அசையும் காதுகளோடும் சுற்றிலும் நோக்கும். அஞ்சும் குதிரை வியர்த்து, வாலை வீசி, நடத்திச் செல்பவரை இழுத்துக்கொண்டே நடக்கும். குதிரை வியர்வையில் லதெரின் என்ற புரதம் இருப்பதால் அது எளிதில் வெண்ணுரையாகிறது. பின்னங்கால்களுக்கு இடையே நுரை திரண்டிருப்பது பதற்றத்தின் பழைய அடையாளம். கொழும்பின் வெப்பத்தில் வியர்த்த குதிரையைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் குளிர்ந்த நுவரெலியாக் காற்றில் நடக்கும்போதே நனைந்துபோகும் குதிரை, பந்தயம் தொடங்குவதற்கு முன்பே தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவிட்டுக்கொண்டிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். ஓட்டத்தின்போது காதுகளைப் பின்னோக்கி மடக்குவதைப் பலர் கோபம் என்று எண்ணுகிறார்கள். ஆனால் முழு முயற்சியிலுள்ள பல குதிரைகள் காதை மடக்கியே ஓடுகின்றன. மாறாக, முன்னணிக்கு வந்ததும் காதுகளை முன்னோக்கி நிமிர்த்திக்கொண்டு ஓடும் குதிரை, தன் கவனத்தின் ஒரு பகுதியை ஓட்டத்திலிருந்து விலக்கிச் சுற்றுப்புறத்துக்குத் தந்திருக்கிறது. அதனிடம் மிச்சம் இருப்பதற்கு நல்ல வாய்ப்புண்டு, ஆனால் தனியாக முன்னே ஓடும்போது கவனம் சிதறும் குறையும் அதற்கு இருக்கலாம். அத்தகைய குதிரைக்கு அடுத்த பந்தயத்தில் போட்டி கடுமையாக இருப்பது கேடு ஆகாது, உதவியாகவே அமையும்.

கண்டியில் வாழ்பவர்களுக்கு விலங்கின் மனநிலையைப் படிப்பது புதிய செய்தி அன்று. எசல பெரஹரா ஊர்வலத்தில் தீப்பந்தங்களுக்கும் முரசொலிக்கும் நடுவே நடக்கும் யானையின் காதசைவையும் துதிக்கையின் இறுக்கத்தையும் பாகன் இடைவிடாது கவனிப்பதைப் போலவே, குதிரைக்காரரும் தன் விலங்கைக் கவனிக்கிறார். பார்ப்பவர்களுக்கு ஒரே மாதிரித் தோன்றும் நடையில் அவருக்கு மட்டும் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. நுவரெலியாவின் லாயங்களில் குதிரைகளைக் குளிப்பாட்டி, தேய்த்து, நடத்திக் கொண்டுவரும் பணியாளர்களின் அறிவு எந்தக் கார்டிலும் அச்சாவதில்லை. இது வருந்தத்தக்க இழப்பு.

குதிரையும் மனிதரைப் படிக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கணக்குப் போடும் குதிரை என்று புகழ்பெற்ற ஹான்ஸ், உண்மையில் கேள்வி கேட்பவரின் தலை, உடல் ஆகியவற்றின் நுண்ணிய அசைவுகளைக் கண்டே குளம்பால் தட்டுவதை நிறுத்தியது என்று உளவியலாளர் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் 1907இல் நிறுவினார். 2016இல் பிரித்தானியாவின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கோபமான மனித முகத்தின் நிழற்படத்தைப் பார்த்ததும் குதிரைகளின் இதயத்துடிப்பு விரைவாக உயர்வதைக் காட்டினார்கள். இதிலிருந்து கிடைக்கும் பயன் நடைமுறை சார்ந்தது: ஒரு குதிரையின் தன்னம்பிக்கை என்று நாம் பதிவு செய்வதில் அதன் முதுகில் இருந்தவரின் தன்னம்பிக்கையும் கலந்திருக்கிறது. நல்ல கைகளில் அமைதியாக ஓடிய குதிரைக்கு அடுத்த பந்தயத்தில் அனுபவமற்ற ஜொக்கி அமர்த்தப்பட்டால், முந்தைய கணிப்பை அப்படியே கொண்டுசெல்வது தவறாக முடியும்.

வெற்றி தன்னம்பிக்கையைக் கூட்டுகிறது என்ற பொதுக் கருத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அரைவாசியே. தன் தரத்துக்கு ஏற்ற பந்தயத்தில் எளிதாக வென்ற இளங்குதிரை அடுத்த முறை கூட்டத்தின் நடுவே அஞ்சாமல் நுழைவதைப் பயிற்றுநர்கள் தொடர்ந்து காண்கிறார்கள். ஆனால் நூலிழையில் வெல்வதற்காகத் தன் முழுமையையும் கொட்டித் தீர்த்த குதிரை, அடுத்த பந்தயம் விரைவில் வந்தால் ஏமாற்றுவதும் அவ்வாறே அடிக்கடி நிகழ்கிறது. முதல் பார்வையில் இரண்டும் வெற்றியே. 1948இல் பில் புல் தொடங்கிய டைம்ஃபோர்ம் என்ற பிரித்தானியக் கணிப்பு நிறுவனம் இந்த வேறுபாட்டைக் குறிப்பதற்காக, மேலும் முன்னேறக்கூடிய குதிரையின் மதிப்பெண்ணுக்கு அருகே பி என்ற எழுத்தையும், மனநிலையால் நம்ப முடியாத குதிரைக்கு அருகே நெளிந்த ஒரு குறியையும் இட்டு வருகிறது. புக்கியில் பிரித்தானியக் கார்டைப் படிப்பவர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அந்தச் சிறு குறியைத் தவிர்ப்பது, மருத்துவச் சீட்டில் அளவைப் படித்துவிட்டு எச்சரிக்கையை விட்டுவிடுவதற்கு ஒப்பாகும். எளிதாக வென்றது, தள்ளி ஓட்டப்பட்டு வென்றது, தளர்ந்தது, இடமின்றித் தடைப்பட்டது என்று ஓட்டக் குறிப்புகள் சொல்லும் சொற்கள் அனைத்தும் முயற்சியைப் பற்றிய சாட்சியங்களே. அவற்றுள் இடமின்றித் தடைப்பட்டது என்ற குறிப்பு, பட்டியலில் பின்தங்கிய குதிரையைப் பற்றி மக்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் செய்தி.

மலையின் காற்றைக் கணக்கில் சேர்க்காத கணிப்பு நுவரெலியாவில் நிற்காது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் 94 சதவீதம் இருக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 80 சதவீதமளவுக்குக் குறைந்துவிடுகிறது. கடல் மட்டத்திலேயே முழு வேகத்தில் ஓடும் பந்தயக் குதிரையின் இரத்தத்தில் ஒட்சிசன் அளவு குறைவது அறியப்பட்ட செய்தி. அதன் இதயம் இரத்தத்தை அனுப்பும் வேகத்துக்கு நுரையீரல் ஈடுகொடுக்க முடிவதில்லை. அத்தகைய விலங்கு ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்த காற்றில் ஓடும்போது, சமவெளியில் அது காட்டிய முயற்சிக்கும் மலையில் காட்டும் முயற்சிக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. புதிதாக மலையேறி வந்த குதிரை கடைசி 200 மீற்றரில் தலையை உயர்த்தித் தடுமாறினால் அதைக் கோழை என்று ஒதுக்குவது அநியாயம். சில வாரங்கள் மலையில் தங்கிப் பழகிய பிறகு அதே குதிரை வேறு விதமாக ஓடலாம். 2,200 மீற்றருக்கு மேல் உயரமுள்ள உதகமண்டலத்தின் கோடைப் பந்தயங்களிலும் தமிழகத்துப் பந்தயக்காரர்கள் இதே சிக்கலை எதிர்கொண்டார்கள். சென்னை கிண்டித் திடலின் ஓட்டங்களை வைத்து உதகைக்குக் கணித்தவர்கள் அடிக்கடி ஏமாந்ததற்கு இந்த உயர வேறுபாடு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

தமிழகம் என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வர வேண்டும். 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தையும் அதில் பணயம் கட்டுவதையும் ஒழிப்பதற்காக ஒரு சட்டம் இயற்றியது. அது நீண்ட வழக்காக நீடித்து, 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், கே.ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில், குதிரைப் பந்தயம் குருட்டு வாய்ப்பைச் சார்ந்தது அன்று, குதிரையின் பயிற்சியாலும் ஓட்டுபவரின் திறமையாலும் தீர்மானிக்கப்படும் திறன் விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. திறன் இருக்கிறது என்பது சரி. ஆனால் அந்தத் திறன் பந்தயத்தில் பணம் இழப்பதிலிருந்து யாரையும் காக்கும் என்று அந்தத் தீர்ப்பைக் கொண்டு வாதிட முடியாது. நன்றாகக் கணிக்கத் தெரிந்தவர்களின் கணிப்பும் பணய விகிதத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியோ நகரக் கடைச் சிப்பந்தியின் சம்பளமோ புக்கியில் கரைந்துபோவதை இந்தக் கலை நியாயப்படுத்தாது.

இந்த அறிவின் உயர்ந்த பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது. முயற்சி குறைந்து ஓடும் குதிரையைச் சோம்பேறி என்றோ கோழை என்றோ முத்திரை குத்தும் வழக்கம் எல்லாத் திடல்களிலும் உண்டு. பிரித்தானியக் கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்து, அவற்றுள் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் அக்குதிரைக்குத் தசை அல்லது எலும்பு சார்ந்த வலி இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி என்று காட்டினார்கள். காதை நீண்ட நேரம் மடக்கிவைத்தல், வாலை அடிக்கடி வீசுதல், வாயைத் திறந்திருத்தல், தலையை மீண்டும் மீண்டும் உதறுதல், முன்னேற மறுத்தல் ஆகியவை அவற்றுள் சில. அந்தப் பட்டியல் சாதாரண சவாரிக் குதிரைகளுக்காக உருவானது. முழு வேகப் பந்தயத்துக்கு அதை நேரடியாகப் பொருத்த முடியாது என்றாலும், அது கற்பிக்கும் பார்வை பொருந்தும். பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பதும், கடும் ஓட்டத்துக்குப் பிறகு பலவற்றின் சுவாசக்குழாயில் இரத்தக் கசிவு தென்படுவதும் கால்நடை மருத்துவம் நன்கறிந்த செய்திகள். நன்றாக ஓடிவந்த குதிரை திடீரென இரண்டு பந்தயங்களில் முயலாமல் ஓடினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதன் துணிவைப் பற்றியதாக இருக்கக் கூடாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம் நுவரெலியாத் திடலிலிருந்து சில மணி நேரப் பயண தூரத்திலேயே இருக்கிறது. ஓட்டத்துக்குப் பிந்தைய பரிசோதனைகளை இந்தப் பந்தயங்களின் வழக்கமான அங்கமாக்குவதற்கு இந்த அண்மை நல்ல வசதி.

பார்வையாளர்கள் பெரும்பாலும் முடிவுக்கோடு கடந்த அந்த நொடியிலேயே கண்ணை எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் அரை நிமிடத்தில்தான் குதிரை தன் கதையை மறைக்காமல் சொல்கிறது. வென்ற குதிரை கோட்டைத் தாண்டியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டதா, தோற்ற குதிரை எதுவும் அதை முந்தி ஓடியதா, ஜொக்கி எவ்வளவு தூரம் இழுத்த பிறகு அது நின்றது, சேணம் கழற்றும் இடத்துக்கு வரும்போது அதன் மூக்குத்துளைகள் இன்னும் விரிந்து விலா ஏறி இறங்குகிறதா, அல்லது சில நிமிடங்களிலேயே மூச்சு தணிந்து பக்கத்துக் குதிரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டதா, இறங்கி நடக்கும்போது எல்லாக் கால்களிலும் ஒரே அளவு எடையை ஊன்றுகிறதா என்பவை எந்த நேரக்கணிப்புக் கருவியும் பதிவு செய்யாதவை. நுவரெலியாவில் ஏப்ரல் மாதக் கூட்டத்தில் நிற்பவர் அடுத்த பந்தயத்துக்கான கார்டைப் புரட்டுவதற்கு முன் அந்தச் சேணம் கழற்றும் இடத்துக்குப் போய், வென்ற குதிரையோடு நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் வந்த குதிரைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.